குட்டிப்பயலுக்கு லைட்டு

அண்ணன் (காலை 6:10): பயலுக்கு மஞ்சக்காமாலை, நீல லைட்டுல வச்சிட்டாங்க. ரத்தத்துல பிலிரூபின் (மஞ்சள் நிறத்தைக் குடுக்கிறது) டோட்டல் 16.4, அதுல டைரக்ட் (கல்லீரல் பக்குவப்படுத்துன பங்கு) 0.6. நேத்து இதே நேரம் 10.8. பிறந்தப்ப 2.8 கிலோ, இப்ப 2.6.

சித்தி: பிறந்து எத்தனை மணி நேரம் ஆச்சு தம்பி? நாள் கணக்கு வேணாம், மணியைச் சொல்லு.

அண்ணன்: 60. 38 வாரத்துல பிறந்தான். ரத்த குரூப் அவன் அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், பயலுக்கு பி பாசிட்டிவ்.

சித்தி: 24 மணி நேரத்துல 5.6 ஏறியிருக்கு. மணிக்கு 0.2க்கு மேல. முதல் நாள் தாண்டியும் இந்த வேகம்னா சிவப்பணு உடையுதான்னு பார்ப்பாங்க. தாய் ஓ, பிள்ளை பி-ன்னா தாயோட ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) பிள்ளை ரத்தத்துக்குப் போய் உடைக்கலாம். எல்லா ஓ-பிக்கும் வராது. வேற சிக்கல் இல்லாத நிறைமாதப் பிள்ளைன்னா 72 மணியில 17, 18 தொட்டாத்தான் லைட்டு. இவனுக்கு வேகத்தையும் குரூப்பையும் பார்த்து முன்னாடியே போட்டிருக்காங்க. சரியாத்தான் செஞ்சிருக்காங்க.

அண்ணன்: டிசிடி நெகட்டிவ்னு வந்திருக்கே?

மச்சான் (லேப்): டிசிடிங்கிறது சிவப்பணு மேல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பார்க்கிற டெஸ்ட். ஓ-பி கேஸ்ல அது நெகட்டிவா வர்றது உண்டு மாப்ள, அதை வச்சு இல்லைன்னு சொல்ல முடியாது. ரெட்டிக் கவுண்டும் (புதுச் சிவப்பணு எண்ணிக்கை) ஜி6பிடியும் (சிவப்பணுவைக் காக்குற என்சைம்) அனுப்பியிருக்காங்களான்னு கேளு. இன்னொண்ணு, ரத்தம் எடுக்கிறப்ப லைட்டை அணைக்கணும், டியூப்பை ஃபாயில்ல சுத்தணும். வெளிச்சம் பட்டா டியூப்புக்குள்ளேயே பிலிரூபின் குறைஞ்சு, ரிசல்ட் பொய்யா இறங்கி வரும்.

அப்பத்தா: காலை வெயில்ல காட்டுனா போயிரும்யா. எதுக்கு ஆஸ்பத்திரியில கெடக்கணும்?

மச்சான்: அப்பத்தா சொல்றது ஒரேயடியா தப்பில்ல 😄 இந்த வைத்தியம் தொடங்குனதே வெயில்லதான். 1956ல இங்கிலாந்துல ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் வார்ட், பிள்ளைகளை முற்றத்துல காத்தாட வச்சாங்க. வெயில் பட்ட இடத்துல மட்டும் மஞ்சள் வெளுத்துச்சு. வெயில்ல கிடந்த ரத்த டியூப்புலயும் அளவு குறைஞ்சுருந்துச்சு. அப்புறம்தான் 1958ல நீல லைட்டு வச்சு செஞ்சு எழுதுனாங்க.

சித்தி: ஆனா 16.4க்கு வெயில் பத்தாது அத்தை. நல்லா வேலை செய்றது 460ல இருந்து 490 நானோமீட்டர் வரைக்கும் உள்ள நீல வெளிச்சம்தான். துணி சுத்தி வெயில்ல காட்டுனா மூஞ்சியில மட்டும்தான் படும். துணியை அவுத்துட்டா தோல் பொசுங்கும், இல்லாட்டி உடம்பு குளிர்ந்து போகும்.

தம்பி, கவனிக்க வேண்டியது:
கண் கட்டு மூக்குக்கு இறங்குதான்னு அடிக்கடி பாரு, மூச்சை அடைச்சிரும். டயப்பரைச் சின்னதா மடிச்சுப் போடு. குளிருதுன்னு துண்டு போர்த்தக் கூடாது, போர்த்துன இடத்துல லைட்டு வேலை செய்யாது. எண்ணெய், பவுடர் வேணாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தாய்ப்பால். அதுக்கு 20, 30 நிமிஷம் வெளியே எடுத்தா போதும், சொந்தக்காரங்க கொஞ்சுறதுக்கெல்லாம் எடுக்காதீங்க. தூங்குனாலும் உள்ளங்காலைத் தட்டி எழுப்பணும். இழுத்துக் குடிக்கலைன்னா பீச்சி எடுத்த பாலைப் பாலாடையில குடுங்க, எத்தனை மில்லின்னு வார்டுல கேளு.

அப்பத்தா: சீனித் தண்ணி ரெண்டு சங்கு? கீழாநெல்லி?

சித்தி: ரெண்டும் வேணாம் அத்தை. சீனித் தண்ணியில வயிறு நிறைஞ்சா பால் குடிக்க மாட்டான். மலம் குறையும். குடல்ல கிடக்கிற பிலிரூபின் திரும்ப ரத்தத்துக்கே ஏறும். கீழாநெல்லி பெரியவங்க காமாலைக்குச் சொல்றது, இது வேற. தாய்க்கும் பத்தியம் வேணாம், நல்லா சாப்பிடட்டும்.

அண்ணன் (பகல் 1:40): பச்சையா தண்ணி மாதிரி வயித்தால போறான். உடம்புல சின்னச் சின்ன தடிப்பு.

சித்தி: லைட்டுல வர்றதுதான். ஒண்ணுக்கு எத்தனை தடவைன்னு எழுதி வை. நாலாம் நாள்ல இருந்து ஆறுக்குக் குறையக் கூடாது.

அண்ணன் (மாலை 6:30): 14.3! மூஞ்சி வெளுத்துருச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாமா?

சித்தி: நிறத்தை நம்பாத. லைட்டு பட்ட தோல் வெளுத்தாலும் ரத்தத்துல இருக்கும். 12, 13க்குக் கீழ வந்து அவங்களா நிறுத்தட்டும். நிறுத்தி 12ல இருந்து 24 மணி நேரத்துல திரும்பப் பார்க்கணும், குரூப் சிக்கல்ல மறுபடி ஏறும். பிள்ளை துவண்டு பால் குடிக்காம, கீச்சுனு அழுதா, முதுகை வில்லா வளைச்சா உடனே 108.

மச்சான்: 14 நாளைக்கு மேலயும் மஞ்சள் இருந்தா டைரக்ட் கட்டாயம் பாருங்க. மலம் சுண்ணாம்பு நிறத்துல, ஒண்ணுக்கு டயப்பர்ல மஞ்சக் கறையா இருந்தா ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க. பித்தநாள அடைப்பா இருந்தா 60 நாளுக்குள்ள ஆபரேஷன் செஞ்சாத்தான் பலன் நல்லாருக்கும்.

ஜி6பிடி ரிசல்ட் வர்ற வரைக்கும் பாச்சா உருண்டை போட்ட பெட்டித் துணியை அவன் மேல போடாதீங்க. அந்த என்சைம் குறைவா இருந்தா, அந்த வாடைக்கே சிவப்பணு உடையும்.

அப்பத்தா: தொட்டிச் சேலை அந்தப் பெட்டியிலதான்யா இருக்கு. வெயில்ல போட்டா போகாதா?

மச்சான்: வேணாம் அப்பத்தா. வேற பழைய சேலை ஒண்ணு துவைச்சு வையுங்க.