அவசரப் பிரிவில ரியூப் போடுறது ஆர்: பயிற்சி டொக்டரோ, மயக்கமருந்துக் குழுவோ?

வல்லைவெளி:
யாழ்ப்பாணம் மாதிரிப் போதனா வைத்தியசாலையில அவசர மருத்துவம் பழக வாற டொக்டர்மாருக்கு, மூச்சுக்குழாய்க்குள்ள ரியூப் போடுற முதல் முயற்சியைக் குடுக்கவேணும். மயக்கமருந்துக் குழு வரும்வரைக்கும் அம்பு பாக்கை (முகமூடியால காத்துக் குடுக்கிற பையை) அமத்திக்கொண்டு நிக்கிறது பயிற்சியில்லை, காவல். நாளைக்கு ஒரு ஆதார வைத்தியசாலையில, மயக்கமருந்து டொக்டர் சிசேரியனில நிக்கேக்க ஆரைக் கூப்பிடுறது?

மெல்லக்கதை:
தியேற்றரில நோயாளி வெறும் வயிறு. அவசரப் பிரிவில சோறு, சாராயம், ரத்தம் எல்லாம் தொண்டையில நிக்கும். முதல் முயற்சி பிழைச்சா வீக்கம், ரத்தக்கசிவு. ரண்டாவது இன்னும் கஷ்டம். ஏறத்தாழ ஐம்பது ரியூப் போட்ட பிறகுதான் பத்தில ஒன்பது சரிவரும். அந்த ஐம்பதையும் தியேற்றரில போடட்டும். அதுக்கும் முதல் முகமூடியால ஒழுங்காக் காத்துக் குடுக்கப் பழகட்டும். ரியூப் போகாட்டி ஆளைக் காப்பாத்துறது அதுதான்.

வல்லைவெளி:
தியேற்றரில பூச்சிமருந்து குடிச்ச ஆள் வராதே அண்ணை. ஓகனோபொஸ்பேற் எண்ட அந்தப் பூச்சிமருந்து நஞ்சில, ரியூப் போடத் தசையைத் தளர்த்துற சக்சமெத்தோனியம் குடுத்தா, அதை உடைக்கிற நொதியே முடங்கிக் கிடக்கிறதால சில நிமிசத்தில போகவேண்டிய தளர்வு மணித்தியாலக் கணக்கில நிக்கும். அதுக்குப் பதிலா மற்றத் தளர்வு மருந்து றொக்கியுறோனியம்தான் எடுக்கவேணும். மாற்றுமருந்து அற்றோப்பினும் பொறுக்காது. முதல் தரம் 3 மி.கி. எண்டா 0.6 மி.கி. அம்பியூல் 5. ஐஞ்சு நிமிசத்தில நெஞ்சு காயாட்டி 10, பிறகு 20, பிறகு 40. நாலு தரத்தில 75 அம்பியூல்! உடைக்கவே தனியா ஒரு ஆள் வேணும். கண்மணி விரிஞ்சதைப் பாத்து நிப்பாட்டக்கூடாது. நெஞ்சில சளிச்சத்தம் போகவேணும், நாடித்துடிப்பு 80 தாண்டவேணும், மேல் பிறஷரும் 80க்கு மேல நிக்கவேணும். பிறகு, ஏத்தின மொத்தத்தில 10 முதல் 20 வீதத்தை மணித்தியாலத்துக்கு எண்டு சொட்டாக விடுறது. இதுக்குள்ள ரியூப் எப்ப எண்டு முடிவெடுக்கிறதுதான் அவசர மருத்துவம்.

மெல்லக்கதை:
முடிவெடுக்கிறது சரி தம்பி, கை வேற. உங்கட உதாரணத்திலயே பாருங்கோ, ஆபத்து மருந்திலதான். பிறஷர் 80இல கிடக்கிற ஆளுக்கு மயக்கமருந்து கெற்றமின் கிலோவுக்கு 2 மி.கி. அடிச்சா ரியூப் போகமுதலே இதயம் நிண்டிடலாம். பிறஷர் விழுந்து அதிர்ச்சியில இருக்கிற ஆளுக்குக் கெற்றமினைக் கிலோவுக்கு அரை மி.கி.யில இருந்து ஒண்டுக்குள்ள குறைக்கவேணும். றொக்கியுறோனியத்தைக் கிலோவுக்கு 1.2 மி.கி.யில இருந்து குறைக்கக்கூடாது, இரத்தவோட்டம் மெதுவா இருக்கிறதால அது வேலைசெய்யப் பிந்தும். சலைனும் அட்ரினலினும் தயாரா இருக்கவேணும். இன்னொண்டு, ரத்தம் அமிலமாகி, அதை ஈடுகட்ட நிமிசத்துக்கு 35 தரம் மூச்சு வாங்கிற நீரிழிவுக்காரருக்கு வெண்டிலேற்றரில 14 எண்டு போட்டுவிட்டா ரியூப் சரியான இடத்தில இருந்தும் ஆள் போயிடும். இதெல்லாம் ஒரு இரவுப் பணியில பிடிபடாது.

நாவற்குழி_தாதி:
ரண்டு பேரும் கையைப் பற்றியே கதைக்கிறியள். ட்ரொலியில பிழைக்கிறதுதான் கூட. சக்ஷன் வேலைசெய்யுதோ, தொண்டைக்குள்ள பாக்கிற லரிங்கோஸ்கோப்பின்ர பல்ப் எரியுதோ, ரியூப்புக்கு வழிகாட்டுற மெல்லிய கம்பி, பூஜி, கைக்கெட்டின தூரத்தில இருக்கோ, ஒரு அளவு சின்ன ரியூப் பக்கத்தில இருக்கோ, வெளிமூச்சில காபனீரொட்சைட்டைக் காட்டுற கப்னோகிராப் பூட்டியிருக்கோ. இதுகளைச் சத்தமாச் சொல்லிப்போட்டுத்தான் மருந்து ஏத்தவேணும். மூண்டு நிமிசம் ஒட்சிசன், மூக்குக்குழாயை முயற்சி முடியும்வரைக்கும் கழட்டாம. சற்றுறேஷன் (ரத்தத்தில ஒட்சிசன் வீதம்) 93க்கு வந்தா, "இன்னும் கொஞ்சம், தெரியுது" எண்டு எந்த டொக்டர் சொன்னாலும் வெளியில எடுத்துக் காத்துக் குடுக்கிறது.

ஒருத்தரும் எழுதாத விசயம்: கெற்றமின் 10, 20 நிமிசத்தில இறங்கிடும், றொக்கியுறோனியம் ஒரு மணித்தியாலமளவில நிக்கும். சிற்றி ஸ்கானுக்கு வரிசையில நிக்கேக்க ஆள் முழிப்போட அசையேலாமல் கிடக்கும். நாடி ஏறுது, கண்ணீர் வருது எண்டா நித்திரைமருந்து போதாது. கட்டுவிரியன் கடியிலயும் அப்பிடித்தான். கண்மணி விரிஞ்சு வெளிச்சத்துக்கு அசையாது, ஆனா மூளை சாகயில்லை. அந்த ஆளுக்குக் கேக்கும். கட்டில் பக்கத்தில என்ன கதைக்கிறதெண்டதையும் பழக்குங்கோ.

மெல்லக்கதை:
அக்கா சொன்னதில ஒரு எழுத்தும் மாத்தேலாது. அப்ப என்ர நிபந்தனை மூண்டு. தியேற்றரில ரண்டு மாசம் முடிஞ்சிருக்கவேணும். கப்னோகிராப் இல்லாட்டித் தொடக்கூடாது. ரண்டாவது முயற்சி இன்னொருவருக்கு, மூண்டாவது எண்ட ஒண்டு இல்லை. அப்பவும் முகம் உடைஞ்ச விபத்துக்கும் குழந்தைக்கும் முதலே எங்களைக் கூப்பிடுங்கோ.

வல்லைவெளி:
முதல் ரண்டுக்கும் ஓம். குழந்தைக்கு எண்டதையும் ஏற்கிறன். முகம் உடைஞ்ச விபத்தை விடமாட்டன். மோட்டர்சைக்கிள் விபத்துத்தானே எங்கட அன்றாடம். கூப்பிடுறது சரி, நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ, கழுத்தில கீறவேண்டி வந்தா ஸ்கால்ப்பெலும் பூஜியும் 6 அளவு ரியூப்பும் திறந்து இருக்கட்டும், முதல் பார்வை பயிற்சி டொக்டருக்கு. ரியூப் போட்ட பதிவேட்டிலயும் வெறும் எண்ணிக்கை வேண்டாம். எத்தினையாவது முயற்சி, ஆகக்குறைஞ்ச சற்றுறேஷன், மருந்துக்குப் பிறகு பிறஷர், மூண்டும் எழுதவேணும்.

மெல்லக்கதை:
முகத்தில உடன்பாடு வராது, விடுங்கோ. பதிவேட்டை ஆர் எழுதுறது?

நாவற்குழி_தாதி:
ரியூப் போட்டவர் எழுதினா எல்லாமே முதல் முயற்சிதான். மொனிற்றர் பாக்கிற தாதி எழுதட்டும்.