சாஸ்திரிகள் நட்சத்திரம் பார்த்தது சரியென்றால், நாம் பார்ப்பது மட்டும் ஏன் தவறு?

மேலத்தெரு டீச்சர் எழுதியது:

ஞாயிறு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆலய முகப்புக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தோம். மூங்கில் குச்சி, சணல், வண்ணத்தாள், ஒரு கிண்ணம் மைதாப் பசை. பாதி பசை என் சேலையில்தான்.

அப்போது ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க. அந்த வீட்டுக்காரங்க என்ன நட்சத்திரம்னு கேட்டாங்க. நாங்க வேதக்காரங்க, அதெல்லாம் பார்க்க மாட்டோம், பாவம்னு பாட்டி சொல்லிட்டாங்க. அப்போ இயேசு பிறந்தப்போ நட்சத்திரத்தைப் பார்த்து அவரைத் தேடி வந்தாங்களே, அந்த சாஸ்திரிகள் பார்த்தது பாவம் இல்லையா? நாம எதுக்கு ஸ்டார் கட்டுறோம்?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். வீட்டில் வந்து வேதாகமத்தைப் புரட்டினால் குழப்பம் கூடிவிட்டது. ஏசாயா 47இல் நட்சத்திரம் பார்க்கிறவர்களையும் அமாவாசி கணிக்கிறவர்களையும் தீர்க்கதரிசி கிண்டலே செய்கிறார். வானத்து அடையாளங்களுக்குக் கலங்காதே என்கிறது எரேமியா 10. ஆனால் ஆதியாகமம் 1:14இல் வானத்துச் சுடர்களே அடையாளங்களுக்காகத்தான் வைக்கப்பட்டன என்று இருக்கிறது. மத்தேயுவோ அந்தச் சாஸ்திரிகளைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? "அதெல்லாம் அந்தக் காலம்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை நானே சொல்லிப் பார்த்தேன், அவள் விடவில்லை.

ஓய்வுபெற்ற உபதேசியார் எழுதியது:

உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள் அம்மா. "சாஸ்திரிகள்" என்று நம் மொழிபெயர்ப்பில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது "மாகோய்". அப்போஸ்தலர் 13இல் பவுல் கண்டித்ததும் குருடாகிப் போகிற பர்யேசுவுக்கும் அதே சொல்தான், ஒருமையில். அங்கே மட்டும் "மாயவித்தைக்காரன்" என்று போட்டிருக்கிறார்கள். ஆக மத்தேயு கொண்டுவந்து நிறுத்துவது கண்ணியமான பேராசிரியர்களை அல்ல, ஒரு யூத வாசகன் முகம் சுளிக்கக்கூடிய ஆட்களை. (மூன்று பேர் என்றும் ராஜாக்கள் என்றும் மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் கிரீடம் வைக்காமல் விடுவார்களா என்ன.)

பழைய ஏற்பாட்டில் வரும் பிலேயாமும் அப்படிப்பட்டவன்தான். இஸ்ரவேலரைச் சபிக்கக் கூலி கொடுத்து அழைத்து வந்த வெளியூர்க் குறிகாரன். யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்ற எண்ணாகமம் 24:17 அவன் வாயிலிருந்து வந்தது. அந்த வசனத்தை வைத்துத் தவறிப் போனதும் உண்டு. கி.பி. 132இல் ரோமை எதிர்த்துக் கிளம்பிய சீமோனைப் பலர் மேசியா என்று நம்பி, "நட்சத்திரத்தின் மகன்" என்ற பொருளில் பார் கோக்பா என்று அழைத்தார்கள். 135இல் எல்லாம் அழிவில் முடிந்தது.

உங்கள் மாணவிக்கு நான் சொல்வதானால் ஒரே ஒரு சொல்லைக் காட்டுவேன். மத்தேயு 2:2இல் "அவருடைய நட்சத்திரம்" என்று இருக்கிறது. நம் ஊரில் பிள்ளை ரோகிணியில் பிறந்தான், கார்த்திகையில் பிறந்தான் என்போம். பிள்ளை நட்சத்திரத்துக்குள் அடக்கம். இங்கே நட்சத்திரம் பிள்ளைக்குச் சொந்தம். நட்சத்திரம் எழுந்ததால் கிறிஸ்து பிறக்கவில்லை, அவர் பிறந்ததால் அது எழுந்தது என்று ஆதித் திருச்சபையின் போதகர் அகுஸ்தீன் இதே காரணத்துக்காகத்தான் வாதாடினார்.

இன்னொன்று. அந்த நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள் முதலில் போய் நின்றது ஏரோது ராஜாவின் அரண்மனையில்! பெத்லகேம் என்ற ஊர்ப் பெயர் மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்துதான் கிடைத்தது. அதை எடுத்துச் சொன்ன வேதபாரகர்களோ ஓர் அடி நகரவில்லை, அது வேறு கதை.

மொட்டைமாடி டெலஸ்கோப் எழுதியது:

வானியல் பக்கம் கொஞ்சம். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் சுமார் 0.1 டிகிரி இடைவெளியில் ஒட்டி நின்றன. "பெத்லகேம் நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் எனக்கே பதினேழு பேர் அனுப்பினார்கள். மாலையில் தென்மேற்கே பார்த்தேன், அழகுதான்.

இந்த யோசனைக்கு வேர் வானியலாளர் கெப்ளரிடம் இருக்கிறது. 1603 இறுதியில் அந்த இரு கோள்களும் சேர்ந்ததைப் பார்த்தார். மறுவருடம் அதே பக்கத்தில் ஒரு புதிய விண்மீனும் வெடித்துத் தெரிந்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கி.மு. 7இல் மீன ராசியில் மூன்று முறை அப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று கண்டார். ஆனால் அப்போது நெருங்கியபோதும் இடைவெளி ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது இரண்டு முழுநிலவு அகலம். யாருக்கும் அது ஒற்றை நட்சத்திரமாகத் தெரிந்திருக்காது.

எந்தக் கணக்குக்கும் அடங்காதது, நட்சத்திரம் முன்னே போய்ப் பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் நின்றது என்கிற மத்தேயு 2இன் ஒன்பதாம் வசனம். எருசலேமிலிருந்து பெத்லகேம் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் போல. முன்னே நடந்து போய் ஒரு வீட்டுக்கு மேல் நிற்கிற கோளும் கிடையாது, வால்நட்சத்திரமும் கிடையாது. டெலஸ்கோப் இல்லாத நான்காம் நூற்றாண்டிலேயே பிரசங்கியார் கிறிசோஸ்தோம் இதைச் சொல்லி, இது நட்சத்திர உருவில் வந்த வேறொரு வல்லமை என்று பிரசங்கித்துவிட்டார். அவர்கள் பழகிய பொருளைக் கொண்டே தேவன் அவர்களை அழைத்தார் என்பதும் அவர் சொன்னதுதான். அதனால் டிசம்பர் தோறும் "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று வரும் வீடியோக்களை நான் திறப்பதில்லை.

கெபி வாசல் எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர். சின்ன வயதில் மாதா பிரார்த்தனையில் "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று வரும்போதுதான் எனக்குத் தூக்கம் கலையும். பெத்லகேமுக்குப் போயிருக்கிறேன். இயேசு பிறந்த இடம் என்று சொல்லும் ஆலயம். குனிந்துதான் நுழைய வேண்டிய சின்ன வாசல், கீழே குகை, தரையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். வானத்தில் தேடியது காலடியில் கிடக்கிறதே என்று இருந்தது. 1847இல் அது காணாமல் போய், 1853இல் புதிதாக வைத்தார்கள். யார் எடுத்தது என்று கிறிஸ்தவப் பிரிவுகளுக்குள் அவ்வளவு சண்டை! முழங்காலிட்டுத் தொட எனக்குக் கிடைத்தது ஐந்து விநாடி, பின்னால் வரிசை தள்ளியது.

மேலத்தெரு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா, "அவருடைய நட்சத்திரம்" என்பதைக் கரும்பலகையில் எழுதியே சொன்னேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஏரோது அரண்மனைக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள் என்றதும் ஒரே சிரிப்பு.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டாரின் வாலுக்குக் காகிதம் கத்தரித்துக்கொண்டே கேட்டாள்: "அவங்க வேறு வழியா ஊருக்குத் திரும்பிப் போனாங்கள்ல டீச்சர். போய் மறுபடியும் நட்சத்திரம் பார்க்கிற வேலைதான் பார்த்தாங்களா?"

இதற்கும் அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.