சயனைடு ஸ்லரி பண்டுக்குள்ள கொட்டிடுச்சு, டெய்லிங்ஸ் டேம்லயும் தண்ணி ஏறுது – அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தஞ்சாவூரான்:
வணக்கம் மக்களே. நாலு வருஷம் சுகர் மில்லுல இருந்துட்டு இப்ப அஞ்சு மாசமா மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு தங்க மில்லுல ஷிஃப்ட் இன்ஜினியர், கம்பெனி பேரு வேணாம். போன வாரம் நைட் ஷிஃப்ட்ல லீச் டேங்க் (தங்கத்த சயனைடுல கரைக்கற தொட்டி) லைன்ல ஃபிளேஞ்ச் கேஸ்கெட் (பைப் இணைப்புல வைக்கற வாஷர்) போயி ஸ்லரி (அரைச்ச தாதுவும் சயனைடு தண்ணியும் கலந்த சேறு) பூரா பண்டுக்குள்ள (டேங்குகள சுத்தி கட்டின தடுப்புத் தொட்டி) கொட்டிடுச்சு, ஒரு டேங்கர் லாரி அளவு இருக்கும். ஏற்கனவே பண்டுல முழங்கால் அளவு மழைத்தண்ணியும் பழைய சேறும், அடியில இருக்கற குழியில (சம்ப்) இருந்து இறைக்கற சம்ப் பம்ப் அடைச்சுக்கிட்டு ஒரு மாசமா ஓடல. ஃபோர்மேன் ஹோஸ கொடுத்து "அடிச்சு கழுவி விடு"ன்னாரு, அடிச்ச கொஞ்ச நேரத்துல சட்டையில மாட்டியிருந்த கேஸ் மீட்டர் கத்த ஆரம்பிச்சுது, எல்லாரும் எடுத்தோம் பாருங்க ஓட்டம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா தண்ணி அடிச்சா சயனைடு நீர்த்துப் போகணும்ல, கேஸ் ஏன் ஏறுது? இன்னொண்ணு, டெய்லிங்ஸ் டேம்ல (தங்கம் எடுத்த மிச்ச சேத்த தேக்கற அணை) தண்ணி சுவர் ஓரமா வந்து நிக்குது, மழை சீசன் வரப்போகுது, கேட்டா "அது வேற டிபார்ட்மென்ட், உன் வேலைய பாரு"ங்கறாங்க. நான் தான் சும்மா பயப்படறேனா?

கார்பன்மேன்:
மீட்டர் போட்டிருந்தீங்களே, அதுவரைக்கும் தப்பிச்சீங்க ப்ரோ. வாசனைய நம்பி இருக்காதீங்க, கசப்பு பாதாம் மாதிரி அடிக்கும்பாங்க, பிறவியிலேயே அந்த வாசனை தெரியாதவங்க நிறைய பேரு இருக்காங்க.
சுண்ணாம்பு போட்டு பி.ஹெச்ச 10.5க்கு மேல வச்சிருக்கறதே சயனைடு கேஸா கிளம்பாம தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்னுதான். 9.2 பக்கம் இறங்கினா பாதி ஹைட்ரஜன் சயனைடா மாறிடும், 8க்கு வந்துட்டா கிட்டத்தட்ட முழுசும். உங்க பண்டுல மழைத்தண்ணி, அதுல ஸ்லரி விழுது, அதுக்கு மேல நீங்க வெறும் தண்ணிய வேற பீச்சி கலக்கி விடறீங்க, பி.ஹெச் இறங்காம என்ன பண்ணும்? முதல்ல ஃபீட நிறுத்தி வால்வ மூடணும், காத்து வர்ற பக்கமா நிக்கணும், தனியா யாரும் கிட்ட போகக் கூடாது, பி.ஹெச் பாத்துட்டு சுண்ணாம்புப் பாலோ காஸ்டிக் சோடாவோ விட்டு ஏத்திட்டுதான் சம்ப் பம்ப் வச்சு லீச் டேங்குக்கே திருப்பணும். யாராவது மயங்கி விழுந்தா வாயோட வாய் வச்சு ஊதாதீங்க, ஆக்சிஜன் கொடுங்க.
இத நாளைக்கே போயி பாருங்க: கார்பன் ஆசிட் வாஷ் (தங்கத்த உறிஞ்சற கரிய அமிலத்துல கழுவறது) பண்ற இடத்து டிரெயின் இந்த சயனைடு பண்டோட எங்கயாவது சேருதா? அங்க ஓடறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சயனைடோட சேந்தா பி.ஹெச் இறங்கி அதே கேஸ்தான். நான் இருந்த ஒரு பிளான்ட்ல டிராயிங்ல ரெண்டும் தனித்தனி, தரையில ஒரே வாய்க்கா.

நீர்_சுத்தம்:
இவ்ளோ எதுக்குங்க, ஹைப்போ (குளோரின் ப்ளீச் கரைசல்) வாங்கி ஊத்துனா சயனைடு போயிடும், முனிசிபல் பிளான்ட்ல நாங்க எல்லாத்துக்கும் அதான்.

கார்பன்மேன்:
அண்ணே, தரையில சிந்தினதுக்கு, அதுவும் பி.ஹெச்ச நல்லா ஏத்தி வச்சுட்டு, சரி. பி.ஹெச் கம்மியா இருக்கறப்ப ஊத்தினா சயனோஜன் குளோரைடு வரும், அதுவும் விஷ கேஸ்தான். ஓடைக்குள்ள போனதுக்கு ஹைப்போ, ஃபெரஸ் சல்ஃபேட், பெராக்சைடு எதுவுமே போடக் கூடாதுன்னு சர்வதேச சயனைடு கோட்லயே இருக்கு, சயனைடுல தப்பிச்ச மீன் இதுல செத்துடும்.

சாம்பியன்_ரீஃப்:
தம்பி, நான் கேஜிஎஃப். அப்பா மில்லுலதான் வேலை. ஷிஃப்ட்டுக்குள்ள போனா டீ குடிக்கறதுக்கு முன்னாடி சம்ப்ப எட்டிப் பாக்கற ஆளு அவரு, காலியா இல்லன்னா முந்தின ஷிஃப்ட்காரன் வீட்டுக்குப் போக முடியாது. கம்பெனி 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க, அரைச்சுக் கொட்டின மேடுங்க மட்டும் இன்னும் ஊருக்கு நடுவுல நிக்குது, காத்து அடிச்சா துணி காயப்போட முடியாது, மழை பெய்ஞ்சா வரி வரியா அறுத்துக்கிட்டு வரும். வேற டிபார்ட்மென்ட்னு சொன்னவங்க எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டாங்க, தூசி எங்களோட இருக்கு.

சேத்துக்குளம்:
நீங்க சும்மா பயப்படல. அந்த டேமுக்கு தண்ணி வானத்துல இருந்து மட்டுமா வருது, சேத்த கெட்டியாக்கற உங்க திக்கனர் தொட்டியோட அண்டர்ஃப்ளோ (அடியில வெளிய வர்ற சேறு) இளக்கமா ஓடினா அந்தத் தண்ணி பூரா டேமுக்குத்தானே போகுது, அப்புறம் எப்படி வேற டிபார்ட்மென்ட்?
தண்ணி டிகான்ட் டவர (தெளிஞ்ச தண்ணிய வெளிய எடுக்கற கோபுரம்) சுத்தி நிக்கணும், சுவருக்கும் தண்ணிக்கும் நடுவுல பீச், அதாவது காஞ்ச சேத்துத் திட்டு, அகலமா இருக்கணும். சுவர் ஓரமா வந்துடுச்சுன்னா ஸ்பிகாட்ட (சேறு விடற குழாய் வாய்) மாத்தி மாத்தி விட்டு குளத்த தள்ளணும், தண்ணிய மில்லுக்கே திருப்பி இழுக்கணும். தென்னாப்பிரிக்கா மெரிஸ்ப்ரூயிட், 1994 பிப்ரவரி 22, சாயங்காலம் ஒரு மழை, சேறு கீழ இருந்த ஊருக்குள்ள இறங்கி 17 பேர் செத்தாங்க. பேருக்கு மூடியாச்சுன்னு சொன்ன பகுதியிலயே தண்ணி விட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, ஃப்ரீபோர்டு (தண்ணிக்கும் சுவர் உச்சிக்கும் நடுவுல விடற இடைவெளி) இல்ல. ருமேனியா பாயா மாரேல 2000 ஜனவரி 30, மழையோட பனியும் உருகி டேம் உடைஞ்சு ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு தண்ணி ஆத்துல போயி டிசா, டான்யூப் வரைக்கும் ஓடுச்சு. சொட்டு தண்ணி வெளிய விடாத டிசைன்னு பெருமையா கட்டினது, மிச்சத் தண்ணிய வைக்க இடமே விடல. உங்க பண்டு கதையும் இதேதான் சார், பெரிய டேங்க விட பத்து சதவீதம் அதிகமா கொள்ளணும்னு கட்டியிருப்பாங்க, அதுல முழங்கால் தண்ணி நின்னா அந்தக் கணக்கு எங்க இருக்கு?
டேம் அடிவாரத்துல கசிவு இருக்கான்னு பாருங்க. தெளிவா சீரா கசிஞ்சா அளவெடுத்துக்கிட்டே வாங்க. கலங்கலா வந்தா உள்ள மண்ண அரிக்குதுன்னு அர்த்தம், அன்னிக்கே எழுத்துல கொடுங்க, வாய்ல சொல்லாதீங்க. ஆமா, உங்க கேன்டீன் எங்க இருக்கு?

தஞ்சாவூரான்:
எல்லாருக்கும் நன்றி. சம்ப் பம்ப கழட்டி அடைப்பு எடுத்தாச்சு, பண்டு காலி. ஆசிட் வாஷ் வாய்க்கா பாத்தேன் கார்பன்மேன் அண்ணே, நடுவுல ஒரு கான்கிரீட் தடுப்பு, அதுல கை நுழையற அளவுக்கு ஓட்டை, போட்டோ எடுத்து மெயில் போட்டுட்டேன். பதில் இல்ல. கேன்டீன் டேமுக்கு நேர் கீழ, நடந்தா பத்து நிமிஷம். ஏன் கேக்கறீங்க?

சேத்துக்குளம்:
2019 ஜனவரி 25, பிரேசில் ப்ருமாடின்யோ. 2016லயே சேறு போடறத நிறுத்தின டேம். மதிய சாப்பாட்டு நேரத்துல உடைஞ்சுது, கேன்டீனும் ஆபீசும் நேர் கீழ. 270 பேர். சைரன் அடிக்கவே இல்ல. உங்க சைரன கடைசியா எப்ப அடிச்சுப் பாத்தாங்கன்னு கேளுங்க.

தஞ்சாவூரான்:
சைரனா? அப்படி ஒண்ணு இருக்கறதா யாரும் சொல்லல சார். நாளைக்கு கேக்கறேன். சாப்பாட்ட இனிமே ரூம்ல இருந்தே கட்டிக்கிட்டுப் போறேன்.