டைமண்ட் பிரின்சஸ்: அறைக்குள் அடைத்தது பலித்ததா?

கணக்கன்:
2020 பிப்ரவரியில் கொரோனா தொற்றோடு ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பலின் பேச்சை எடுத்தாலே "மிதக்கும் சிறை" என்று வசைபாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குப் பிப்ரவரி 1 அன்று தொற்று உறுதியானது. கப்பல் 3ஆம் தேதி யோகோஹாமா வந்தது. 5ஆம் தேதி பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். அப்படியானால் 7, 8ஆம் தேதிகளில் படுத்தவர்களுக்கு நோய் எங்கே ஒட்டியது? அறையிலா, அதற்கு முந்தைய விருந்துக் கூடத்திலா? அப்போது ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் ஹிரோஷி நிஷியுரா, அறிகுறி தொடங்கிய தேதியிலிருந்து தொற்று ஒட்டிய நாளைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். புதுத் தொற்றுகள் 2 முதல் 4ஆம் தேதி வரை உச்சத்தில் இருந்து, 5க்குப் பிறகு சட்டென்று சரிந்தன. அடைத்தது பலித்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மேகலை:
வேண்டியது நிறைய இருக்கிறது, கணக்கரே. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. அதில் 331 பேருக்குப் பரிசோதனை செய்த நாளில் ஓர் அறிகுறியும் இல்லை. அறிகுறியே இல்லாதவருக்கு அறிகுறி தொடங்கிய தேதி ஏது? தேதிவாரியாக நீங்கள் வரையும் கோட்டில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்? போதாததற்கு, பரிசோதனை வசதி குறைவு என்று முதியவர்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் மாதிரி எடுத்தார்கள். அன்றாடம் செய்தியில் ஏறிய எண்ணிக்கையில் பாதி, யாரை எப்போது சோதித்தார்கள் என்பதன் கதை.

கணக்கன்:
செய்தியில் வந்த எண்ணிக்கையை நான் எடுக்கவே இல்லையே. உறுதியான நாளை விட்டுவிட்டு, உடம்பு நோகத் தொடங்கிய நாளைத்தான் எடுத்தேன். வரிசையாகச் சோதித்ததால் அந்தத் தேதி மாறிவிடாது.

மேகலை:
சரி, அது நியாயம். ஆனால் ஊழியர்கள்? 1,045 பேர். அவர்களை யாரும் அறைக்குள் அடைக்கவில்லை. சமைத்தார்கள், தட்டைக் கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொடக்கத்தில் தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவு, 16 பேருக்கு மூன்றாம் தளத்தில் கேபின். உணவுப் பிரிவினர் குடியிருந்ததே அந்தத் தளம்தான். பயணிக்குக் கதவு, ஊழியருக்கு நடைபாதை. இதற்குப் பெயர் தனிமைப்படுத்தலா?

அடுப்படிக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் அந்தக் கப்பலில் இல்லை, வேறொரு கப்பலின் சமையற்கூடத்தில் ஆறு வருடம் இருந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு கேபினுக்கு இரண்டு பேர், மேலும் கீழுமாகக் கட்டில். ஒருமுறை வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் பரவியது. வாந்தி வந்தால் உடனே மருத்துவ அறையில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் அறையில் அடைப்பார்கள். அதனால் பயணிகள் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. என் அறைத்தோழனும் ஒரு நாள் மறைத்தான், மறுநாள் நான் படுத்தேன். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வாந்தி பேதி என்று பதிவானால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை வெளியிடும். பதிவேட்டில் ஏறியவர்களை வைத்துத்தான் அந்த 3. ஏறாதவர்களை நான்தான் துடைத்தேன். இன்னொன்று, வாசலுக்கு வாசல் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் நோரோவுக்குப் பெரிதாக உதவாது. சோப்பும் தண்ணீரும்தான்.

கணக்கன்:
ஊழியர் விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்று என்ன? இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோமே. அதே ஆண்டு மார்ச் 19 அன்று சிட்னியில் ரூபி பிரின்சஸ் என்ற இன்னொரு சுற்றுலாக் கப்பல் ஏறத்தாழ 2,700 பயணிகளை இறக்கிவிட்டது, பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நோய் அவர்களோடு ஊர் ஊராகப் போனது.

மேகலை:
அங்கே தனிமைப்படுத்தலே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் காட்டி, கரையில் முறையாகத் தனிமைப்படுத்துவதும் ஆகாது என்கிறீர்களா? இறக்கியே ஆக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. கோபே பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் நிபுணர் கென்டாரோ இவாடா பிப்ரவரி 18 அன்று கப்பலுக்குள் போய்வந்து காணொலி போட்டாரே, அவர் சொன்னது என்ன? கிருமியுள்ள பகுதி எது, இல்லாத பகுதி எது என்ற பிரிவினையே இல்லை என்றார். பிறகு அந்தக் காணொலியை அவரே நீக்கிக்கொண்டார் என்று பதில் சொல்வீர்கள், தெரியும்.

கணக்கன்:
சொல்லத்தான் வந்தேன், விட்டுவிடுகிறேன். ஊழியர்களுக்குத் தனிக் கோடு வரைந்து நாளை போடுகிறேன். அந்த 331 பேரை எந்தத் தேதியில் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.

மேகலை:
பரிசோதனை நாளில் மட்டும் வைக்காதீர்கள். வேறு நிறத்தில், தேதியில்லாமல் ஓரத்தில் நிற்கட்டும்.

அடுப்படிக்காரன்:
எத்தனை பேர் ஒரே கேபினில் இருந்தார்கள் என்பதையும் போடுங்கள் ஐயா.