நாகப்பட்டினத்து அண்ணன் பினாங்குக்கு, தம்பி பொன்மலைக்கு: ஏன்?

தஞ்சைப் பேரன்:
என் கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் நாகப்பட்டினத்தில் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள். மூத்தவர் கப்பலேறிப் பினாங்கு போய்விட்டார், இளையவர் திருச்சி பொன்மலைக்குக் குடிபெயர்ந்தார். இரண்டும் 1928-ஐ ஒட்டி நடந்தது என்கிறார் பெரியப்பா. அண்ணன் தம்பிக்குள் தகராறா, ஊரிலேயே ஏதாவது நடந்ததா?

பொன்மலைக்காரன்:
தகராறாக இருக்காது தம்பி. பொன்மலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தாத்தாவும் நாகையிலிருந்து வந்தவர்தான். தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனைகளை மூடி எல்லாவற்றையும் பொன்மலையில் கொண்டு வந்து குவித்தது. கூடவே ஆள்குறைப்பு. அதை எதிர்த்துத்தான் 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனது அந்த வேலைநிறுத்த வழக்கில்தான். பொன்மலையில் இடம் கிடைத்தவன் மூட்டை கட்டினான். கிடைக்காதவனுக்கு எதிரே கடல் இருந்தது.

நாகை தேய்ந்ததற்கு மலாயாவுக்குப் போன பயணிகள் கப்பல் நின்றதே காரணம் என்று ஊரில் பேசுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. பணிமனை போனதுதான் முதல் அடி.

வெளிப்பாளையம்:
ஐயா, கப்பலை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். ரஜுலா என்ற கப்பல் 1970-கள் வரை ஓடியது. கரையை ஒட்டி வர ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போடும், படகில் போய் ஏணியில் தொற்றி ஏற வேண்டும். தலையில் டிரங்குப் பெட்டி, இடுப்பில் பிள்ளையோடு ஏறியவர்களை என் அப்பா பார்த்திருக்கிறார். பின்னால் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமே நின்றது. படகுக்காரர், மூட்டை தூக்குபவர், சத்திரம், சோற்றுக்கடை என்று ஒரு தெருவே அதை நம்பி வாழ்ந்தது.

பொன்மலைக்காரன்:
தெரு பிழைத்தது, சரி. மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் அதற்கு முன்பே போய்விட்டனவே!

பேரனுக்கு ஒன்று. பினாங்கில் இறங்கியவர் எல்லாரும் ரப்பர் தோட்டத்துக்குப் போகவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் மலாயா ரயில்வேக்குப் பணிமனை இருந்தது, தமிழர்கள் நிறைய. இரும்பு வேலை தெரிந்த கை பால் வெட்டப் போயிருக்குமா என்பது சந்தேகம். மூத்தவரைக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப் போனாரா, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தாரா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். சொந்தக் காசு என்றால் செந்தூல் பக்கம் விசாரியுங்கள்.