அங்கத்தவராக இல்லாத சேர்ச்சில் கலியாணம் வைக்கலாமா? கொழும்பில் எங்கே தொடங்குவது?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். தை மாதக் கடைசியில் எனக்குக் கலியாணம் வைக்கலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் தென்னிந்திய திருச்சபையில் ஞானஸ்நானம் எடுத்து, அங்கேயே திடப்படுத்தலும் எடுத்தவள். வேலைக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஆனால் இங்கே எந்தச் சேர்ச்சிலும் பெயர் பதியவில்லை. அவர் மன்னார், கத்தோலிக்கர், சில வருடமாகத் தெகிவளையில் இருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர் நிறைய, வயதானவர்களும் இருக்கிறார்கள், அதனால் ஊருக்கு எல்லோரையும் கொண்டு போகாமல் இங்கேயே செய்யலாம் என்று முடிவு.

எனக்குச் சின்ன வயதில் இருந்தே பழைய சேர்ச் என்றால் ஒரு ஆசை. ஒருமுறை வுல்ஃபெண்டால் சேர்ச்சுக்குள் போய்ப் பார்த்தேன், அந்தத் தடித்த சுவரும், தரையில் பதித்த ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்களும் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்குக் காலி முகத்திடல் பக்கம் அல்லது பம்பலப்பிட்டிப் பக்கம் இருந்தால் ஹோலுக்குப் போக வசதி என்று எண்ணம். ஒரு சேர்ச் அலுவலகத்துக்கு போன் எடுத்தேன், எடுத்தவுடனேயே "நீங்கள் எந்தப் பங்கு?" என்று கேட்டார்கள், எதுவும் இல்லை என்றதும் பாதரோடு கதையுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

அங்கத்தவர் இல்லாதவர்களுக்குத் தருவார்களா? கலியாணத்துக்காக மட்டும் போய்ப் பெயர் பதிவது சரியா? எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. இதைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். எங்கள் பங்கில் கலியாணக் காரியங்களில் பாதருக்கு உதவியாக இருக்கிறவன் என்பதால் ஒன்றை நேராகவே சொல்கிறேன். எந்தச் சேர்ச் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் கத்தோலிக்கர் என்பதுதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

உங்கள் இரண்டு பேருக்கும் கொழும்பில் இடம் இல்லை என்று நினைக்கிறீர்கள் போல. அவருக்கு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பங்கு என்பது சந்தா கட்டி எடுப்பது இல்லை, வசிக்கிற இடம்தான் பங்கு. ஒரு மாதம் தொடர்ந்து இருந்தாலே அந்தப் பங்கில் கலியாணம் செய்யலாம் என்பது திருச்சபைச் சட்டம். சில வருடமாகத் தெகிவளையில் இருக்கிறவருக்கு அங்கே உள்ள பங்குத் தந்தைதான் அவருடைய பாதர், ஒரு நாள்கூடப் போய்க் கதைத்திருக்காவிட்டாலும் சரி. அவரைப் போய்ப் பாருங்கள், இருவருமாக, போனில் இல்லை. வேறு கத்தோலிக்கக் கோயிலில்தான் வேண்டும் என்றால், பங்குத் தந்தையின் அனுமதிக் கடிதத்தோடு அங்கே போகலாம். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் எங்கே கேட்டாலும் உங்களுக்கு அந்தப் போனில் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.

அடுத்தது முக்கியம். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த வேறு சபைப் பிள்ளை, ஆகவே இது கலப்புத் திருமணம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அதைப் பங்குத் தந்தையே எழுதி எடுத்துத் தருவார். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை, ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இதை இரண்டு பேரும் பாதரிடம் போகும் முன் வீட்டில் இருந்து கதைத்து முடியுங்கள். பாதர் முன்னால்தான் முதல் தடவையாக இந்தப் பேச்சு வந்து பெண்ணின் முகம் மாறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

வுல்ஃபெண்டால்தான் வேண்டும் என்றால் அதுவும் முடியாத காரியம் இல்லை. ஆனால் அது சீர்திருத்த சபையின் ஆலயம், அங்கே செய்கிற கலியாணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்க வேண்டும் என்றால் அவர் முன்கூட்டியே ஆயரிடம் விதிவிலக்கு எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் செய்தால் பிறகு அவர் நற்கருணை வாங்குவதில் இருந்து எல்லாவற்றுக்கும் சிக்கல். தை மாதம் என்றால் இப்போதே தொடங்குங்கள். திருமண ஆயத்த வகுப்பு இருக்கிறது, மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண அறிவித்தலை வாசிக்கிற ஓலை வாசிப்பு இருக்கிறது, அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதி மன்னாரில் இருந்து வர வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்கு உட்பட்டதைத்தான் கேட்பார்கள். பிந்தி மாசியில் போய் நின்றால் தவக்காலம் வந்துவிடும், அப்போது பெரும்பாலும் கலியாணம் வைக்கமாட்டார்கள்.

மருதானை மதி:

அண்ணா சொன்னதுதான் சரியான ஒழுங்கு. நான் மற்றப் பக்கம், அதாவது புரட்டஸ்தாந்து சபைகள் பற்றிச் சொல்கிறேன்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன், சீர்திருத்த சபை எதுவானாலும் வெளியாருக்குக் கொடுப்பதும் விடுவதும் அந்தப் போதகரும் சபைக் குழுவும் எடுக்கிற முடிவு. கட்டணப் பட்டியல் போட்டு வாடகைக்கு விடுகிற ஹோல் மாதிரி நினைத்துப் போனால் அங்கேயே கதவு மூடிவிடும். உங்கள் யாழ் ஆதீனப் போதகரிடம் ஒரு கடிதம் எடுங்கள்: இன்ன குடும்பத்துப் பிள்ளை, எங்கள் சபையில் நல்ல நிலையில் இருக்கிறாள், கலியாணத்துக்குத் தடை இல்லை என்று. ஒரு போதகர் இன்னொரு போதகருக்கு எழுதிய கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு நாம் நூறு தடவை போன் எடுத்தாலும் வராது.

பெயர் பதிவதைப் பற்றிக் கேட்டீர்கள். பதிய வேண்டாம், ஆனால் போங்கள். ஆராதனைக்குப் போய் உட்காருங்கள், முடிந்ததும் வாசலில் நின்று போதகருக்குக் கை கொடுத்து ஊரைச் சொல்லுங்கள். ஒரு சபை தன் பீடத்துக்கு முன்னால் உங்களை நிறுத்தி ஆசீர்வதிக்கப் போகிறது, அந்தச் சனத்தின் முகமே தெரியாமல் அந்த நாளில் மட்டும் போய் நிற்பது எனக்கு மனதுக்குச் சரிவரவில்லை. வேலைக்காக வந்து ஊர் சேர்ச்சையும் விட்டு இங்கேயும் சேராமல் இருக்கிற பிள்ளைகள் கொழும்பில் எத்தனையோ பேர், கலியாணத்தின் மூலமாக ஒரு சபை கிடைத்தால் அது நல்ல காரியம்தானே.

சந்திக்கப் போகும்போது காசு விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆலயத்துக்கான காணிக்கை, ஓர்கன் வாசிப்பவருக்கு, பாடகர் குழுவுக்கு, திறந்து துப்புரவு செய்கிறவருக்கு என்று தனித்தனியாக இருக்கும். தாலி கட்டுவதைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் ஆங்கில ஆராதனைக்குப் பழகிய சில சேர்ச்சுகளில் மோதிரம் மட்டும்தான் ஒழுங்கில் இருக்கும், தாலியையும் கூறையையும் ஆசீர்வதிக்கிற ஜெபம் எந்த இடத்தில் வரும் என்று முன்னமே பேசி வைக்காவிட்டால் அந்த நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டு பெரியம்மாமார் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூறை மாற்ற ஒரு அறை இருக்கிறதா என்பதும் அப்படித்தான், பழைய சேர்ச்சுகளில் போதகர் உடை மாற்றுகிற சின்ன அறை ஒன்றுதான் இருக்கும், கண்ணாடிகூட இருக்காது. உங்கள் பக்கம் வயதானவர்கள் என்றதால் படிகள் எத்தனை, வாகனம் வாசல் வரை வருமா என்று பாருங்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பல இடங்களில் பை பார்ப்பதும் வளவுக்குள் வாகனம் விடாததும் உண்டு, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

மயூரா தெஹிவளை:

ஆசைப்பட்ட சேர்ச்சை உடனே கைவிடச் சொல்லமாட்டேன். வுல்ஃபெண்டால் 1757இல் இருந்து நிற்கிற ஆலயம், யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புனித லூசியா பேராலயம் மாதிரி இடத்தில் நூறு பேரை இருத்தினால் பின்னுக்குள்ள வாங்குகள் எல்லாம் வெறுமையாகக் கிடக்கும். அதைவிடச் சின்னக் கோயில் நிறைந்து பாட்டு ஓங்கி ஒலிக்கிறது வடிவு. கொச்சிக்கடை அந்தோனியார் என்று யாராவது சொன்னால் செவ்வாய்க்கிழமையை நினைக்கவே வேண்டாம், சனம் தாங்காது.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை: அரசாங்கப் பதிவு. சேர்ச்சில் செய்தாலும் விவாகப் பதிவாளரிடம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நீங்கள் வெள்ளவத்தை, அவர் தெகிவளை, வேறு வேறு பிரிவு என்பதால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டி வரும். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சான்றிதழ் தருவார்கள், கொடுத்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடிய வேண்டும். ஆகவே மிக முந்தியும் கொடுக்காதீர்கள், கார்த்திகைக் கடைசி அல்லது மார்கழித் தொடக்கம் சரியாக இருக்கும். அந்தச் சேர்ச் விவாகம் நடத்தப் பதிவு செய்யப்பட்ட இடமா, பாதரே பதிவை முடிப்பாரா, பதிவாளர் வர வேண்டுமா என்பதைப் பாதரிடமே கேட்டால் சொல்லுவார்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அவருக்கு இதைக் காட்டினேன், தெகிவளையில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். வருகிற ஞாயிறு பூசைக்குப் போய், முடிந்ததும் பாதரைப் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளுடைய விஷயத்தை நேற்று இரவு கதைத்தோம், நீண்ட நேரம் எடுத்தது, ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி. கத்தோலிக்கக் கோயிலில்தான் என்று வந்தால், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த எங்கள் ஊர்ப் போதகரும் நிற்க முடியுமா? அப்பாவுக்கு அது பெரிய விருப்பம்.

கொட்டாஞ்சேனை அண்ணா:

நிற்கலாம் தங்கச்சி. வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கலாம். சம்மதத்தைக் கேட்டு வாங்குவது மட்டும் ஒருவர்தான், அது பாதர். இரண்டு பேரும் கேட்பதும், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று இரண்டு தடவை செய்வதும் கூடாது. கலப்புத் திருமணம் என்பதால் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு வைப்பார்கள், நீங்களும் உங்கள் வீட்டாரும் நற்கருணைக்குப் போக முடியாமல் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வராது, அதுவும் நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை பாதரைப் பார்க்கும்போது போதகரின் பெயரையும் சபையையும் எழுதிக் கொடுங்கள், அவரே அழைத்துக் கதைத்தால் அப்பாவுக்கும் சந்தோஷமாக இருக்கும்.