நினைவு நாளும் அலுவலகமும்: உங்கள் அனுபவம் என்ன?

பெர்லினிலிருந்து ஒருவர்:

எங்கள் ஆபீஸ் வாசலை ஒட்டிய நடைபாதையில், நாஜிகளின் கொடுமைக்குப் பலியான யூதர்கள் போன்றோரின் நினைவாகச் சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஆண்டு எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று பொறித்திருக்கும். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 90களில் தொடங்கிய வேலை. இப்போது ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 1938 நவம்பர் 9 இரவில் யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் நொறுக்கி எரித்தார்கள் அல்லவா, அந்த நாள் வந்தால் அக்கம்பக்கத்தார் இந்தக் கற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

போன வருடம் எங்கள் ஹெச்.ஆரும் இதைச் செய்யக் கிளம்பியது. நல்ல எண்ணம்தான். ஆனால் டீமில் இருக்கும் ஒரே யூதரைக் கேட்காமலேயே, அவர் பேசுவார் என்று மெயிலில் போட்டுவிட்டார்கள். அவர் நேராக மேனேஜரிடம் போய், "தேய்க்க வருகிறேன், பேச மாட்டேன்" என்றார். அப்புறம் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார்: அவர் அப்பாவுக்கு இந்தக் கற்களே பிடிக்காதாம். செத்தவர் பெயரை ஊரே மிதிக்கிறதே என்று. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான், சட்டென்று புரிந்தது. மியூனிக்கில் யூத சமூகத் தலைவர் ஷார்லட் க்னோப்லோக் இதே காரணத்துக்காக எதிர்த்ததால், அங்கே பொது நடைபாதையில் இந்தக் கற்களைப் பதிக்க நகராட்சி அனுமதிப்பதில்லை.

மேனேஜர் அந்த மெயிலைத் திருத்தி அனுப்பினார். பெயர்களைத் தானே வாசித்தார். அன்று மதியத்துக்கு மேல் எங்களுக்கு மீட்டிங் எதுவும் வைக்கவில்லை. என்னைக் கேட்டால் பெரிய விஷயம் இன்னொன்று: கேன்டீனில் சிலர், ஏதோ இஸ்ரேல் அரசின் தூதர் மாதிரி, அந்த யூத நண்பரிடம் காஸா பற்றிக் கணக்குக் கேட்பதை மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி நிறுத்தினார். பெர்லினில் பிறந்து வளர்ந்தவரிடம் அதைப் போய்க் கேட்பானேன்?

டெல் அவீவிலிருந்து ஒருவர்:

இங்கே கதை வேறு. நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான இங்குள்ள நினைவு நாள் எபிரேய நாட்காட்டியில் நிசான் மாதம் 27. அதனால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், ஏப்ரல், மே வாக்கில் வரும். முந்தின நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும், கேளிக்கை இடங்களை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை 10 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் சைரன். நெடுஞ்சாலையில் கூட காரை நிறுத்தி, இறங்கி நிற்பார்கள்.

சென்னை டீமோடு எங்களுக்கு அந்த நேரத்தில்தான் கால். சைரன் கேட்டதும் இந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சென்னைப் பக்கம் ஒன்றும் புரியாமல் "ஹலோ, ஆடியோ கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை, ஆனாலும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இப்போது நானே முன்கூட்டிக் காலண்டரில் போட்டுவிடுகிறேன்.

இங்கே ஆள் இருக்கும் டீம்கள் குறித்துக்கொள்ளுங்கள்: 10 மணி என்றால் நம்மூரில் மதியம் 12.30. ஒரு வாரம் கழித்துப் போரில் இறந்தவர்களுக்கான நாள், அன்று சைரன் 11 மணிக்கு.